இருதலைக் கழுகு: மைசூரும் மாஸ்கோவும் ஹிட்டைட் பாறையும் பேசுவது ஒரே பறவையைப் பற்றியா?

தாங்கள் கேட்டது இது: மைசூர் அரச சின்னத்திலுள்ள கண்டபேருண்டம் என்ற இருதலைப் பறவை, ரஷ்யாவின் அரசுச் சின்னத்திலுள்ள இருதலைக் கழுகு, துருக்கியில் ஹிட்டைட் மக்கள் பாறையில் செதுக்கிய இருதலைப் பறவை ஆகிய மூன்றும் ஒன்றேதானா? ஒன்றென்றால் அது இந்தியாவிலிருந்து மேற்கே போனதா, மேற்கிலிருந்து இங்கே வந்ததா? கேள்வியைச் சற்றுப் பிரித்துப் பார்த்தால், இதற்குள் வேறொரு கேள்வி ஒளிந்திருப்பது தெரிகிறது. இரண்டு இடங்களில் ஒரே மாதிரியான உருவம் கிடைத்தால், அந்த ஒற்றுமை மட்டுமே ஒன்று மற்றொன்றிலிருந்து வந்ததற்குச் சான்றாகிவிடுமா என்பதுதான் அது. அந்த உள் கேள்விக்கு விடை தெளிவானால், தங்கள் கேள்வியின் பெரும்பகுதிக்கு விடை கிடைத்துவிடும்.

பழைய நாணயங்களையும் கோயிற் சிற்பங்களையும் பார்த்துப் பதிவு செய்யும் பணியில் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தென்னிந்தியப் பொருள்களைப் பற்றிச் சொல்வதில் எனக்கு நேரடிப் பழக்கம் உண்டு. ஹிட்டைட், சுமேரியப் பொருள்களைப் பற்றி அகழாய்வாளர்களும் அந்த மொழிகளைப் படித்தவர்களும் நிறுவியதைத்தான் சொல்ல முடியும். அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டுகிறேன்.

முதலில், இருதலைக்கு முந்திய ஒருதலைப் பறவையிலிருந்து தொடங்க வேண்டும். சுமேரியாவில், இன்றைய தெற்கு ஈராக்கில், அல்-உபைத் என்ற இடத்தில் நின்ஹுர்சாக் தெய்வத்தின் கோயிலைச் சேர்ந்த ஒரு பெரிய செப்புத் தகட்டுச் சிற்பம் 1919-இல் கிடைத்தது. இப்போது அது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ கி.மு. 2500-ஐச் சேர்ந்தது, அகலம் இரண்டரை மீட்டருக்கும் சற்று அதிகம், உயரம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். நடுவில் சிங்கத் தலை கொண்ட கழுகு ஒன்று சிறகை விரித்து நிற்கிறது. அதன் இரு பக்கமும் பக்கத்துக்கொரு கலைமான், ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்கின்றன. இந்தப் பறவைக்கு அன்ஸூ என்றும் இம்துகுத் என்றும் பெயர். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் சுமேரிய நகரமான லகாஷின் மன்னன் என்டெமேனா காணிக்கையாக அளித்த வெள்ளிக் கலயம் இருக்கிறது; அதன் வயிற்றைச் சுற்றிலும் இதே சிங்கத்தலைக் கழுகு, காலுக்கொன்றாக இரண்டு விலங்குகளைப் பற்றியபடி பொறிக்கப்பட்டுள்ளது. ஓரிடத்தில் சிங்கங்கள், மற்றோரிடத்தில் மான்கள், வேறோரிடத்தில் காட்டாடுகள். எல்லாம் இணைகளாகவே வருகின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது அமைப்பு. நடுவில் வல்லமை வாய்ந்த ஒன்று, இருபுறமும் அதற்கு அடங்கிய இரண்டு. இந்த அமைப்பு நிங்கிர்சு என்ற தெய்வத்துக்கும் அவனைத் தொழுத அரசனுக்கும் உரியதாக லகாஷில் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் இணையத்தில் அடிக்கடி ‘லகாஷின் இருதலைக் கழுகு’ என்ற தொடர் வருகிறது; அது மேலைநாட்டு ஃப்ரீமேசன் சங்கங்களின் ஒரு பிரிவு தன் சின்னத்துக்குச் சூட்டிக்கொண்ட பெயரிலிருந்து பரவியது. என்டெமேனாவின் கலயத்தில் இருக்கும் பறவைக்கு ஒரே தலைதான், அதுவும் சிங்கத் தலை. கலயத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். எனவே இருதலைக் கழுகுக்கு நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டு வரலாறு சொல்லி லகாஷிலிருந்து தொடங்கும் எந்தக் கட்டுரையையும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு வேறொன்றைத் தேடுவது நல்லது.

உறுதியாக இரு தலைகளோடு இந்தப் பறவை நமக்குக் கிடைப்பது அனத்தோலியாவில், அதாவது இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதியில். கி.மு. இரண்டாயிரத்தை ஒட்டிய நூற்றாண்டுகளில் அசீரிய வணிகர்கள் குடியிருந்த கூல்தெபே நகரின் முத்திரைகளில் அது வருகிறது. பிறகு, ஹிட்டைட் பேரரசின் காலத்தில், அலாஜா ஹுயூக் நகர வாயிலில் நிற்கும் சிங்கவுடல் காவல் உருவங்களுள் ஒன்றின் பக்கவாட்டில், காலுக்கொரு முயலைப் பிடித்த இருதலைக் கழுகு செதுக்கப்பட்டுள்ளது. அதன் மேல் ஓர் உருவம் நிற்கிறது. தலைநகரான ஹத்துசாவுக்கு அருகிலுள்ள யாஸிலிகயா என்ற திறந்தவெளிப் பாறைக் கோயிலில், தெய்வங்கள் இரு வரிசையாக எதிரெதிரே நடந்து வந்து சந்திக்கும் காட்சியில், இரு பெண் தெய்வங்கள் ஒரே இருதலைக் கழுகின் மேல் நிற்கின்றனர். இது கி.மு. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்த வரிசையில் மற்றத் தெய்வங்கள் சிறுத்தை மீதும் மலைகள் மீதும் நிற்க, இவ்விருவருக்கு மட்டும் ஒரே பறவை இரு தலையோடு தாங்கலாகிறது. இருவருக்கு ஓர் ஊர்தி என்பதால் இரு தலையா என்று கேட்கத் தோன்றுகிறது. எனக்கு அது கவர்ச்சியான விளக்கமாகப் படுகிறது. ஆனால் அலாஜா ஹுயூக்கில் அதே பறவை ஒற்றை உருவத்தைத் தாங்கி நிற்பதால், அதை விதியாகக் கொள்ள முடியாது.

இனி, பறவைக்கு ஏன் இரண்டாவது தலை வந்தது என்பதை ஒரு சிற்பியின் இடத்தில் நின்று பார்க்கலாம். சிறகு விரித்த கழுகை நேர் முகமாக வரைந்தால் உடல், இரு சிறகு, இரு கால், வால் எல்லாம் நடுக்கோட்டின் இருபுறமும் சமமாக விழுகின்றன. தலையை மட்டும் அப்படி வரைய முடிவதில்லை. நேராகப் பார்க்கும் கழுகின் முகத்தில் அலகு தெரியாது; அலகு தெரியாவிட்டால் அது கழுகென்றே தெரியாது. ஆகவே தலையைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். திருப்பிய உடனே சமநிலை கெடுகிறது. வலமா இடமா என்ற கேள்வி வருகிறது. சுமேரியச் சிற்பி சிங்கத் தலையை நேர் முகமாக வைத்து இந்தச் சிக்கலைத் தீர்த்துக்கொண்டான். இன்னொரு தீர்வு, தலையை இரண்டாக்கி இரு பக்கமும் பார்க்கச் செய்வது. இருபுறமும் இரை இருக்கும் அமைப்பில் இந்தத் தீர்வு இன்னும் இயல்பாகப் பொருந்துகிறது. ஒவ்வொரு இரைக்கும் ஓர் அலகு கிடைத்துவிடுகிறது. இதை நான் எல்லாவற்றுக்குமான விளக்கமாக முன்வைக்கவில்லை. ஆனால் இணை அமைப்பை விரும்பும் எந்தக் கலை மரபிலும், எவரிடமிருந்தும் கற்காமலேயே, இருதலைக் கழுகு பிறக்க முடியும் என்பதை இது காட்டுகிறது.

அப்படிப் பிறந்ததற்குச் சான்றும் இருக்கிறது. தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் பராகாஸ் பகுதியில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட உடல்களைச் சுற்றியிருந்த எம்பிராய்டரித் துணிகளில் இருதலைப் பறவைகள் உண்டு. ஐரோப்பியர் அங்கே காலடி வைப்பதற்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய துணிகள் அவை. அனத்தோலியாவோடும் இந்தியாவோடும் அந்த மக்களுக்குத் தொடர்பிருந்ததென்று யாரும் பொறுப்போடு சொல்ல முடியாது. ஒற்றுமை மட்டும் பயணத்துக்குச் சான்றாகாது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான எடுத்துக்காட்டு இதுவே.

அதற்காக இந்த உருவம் எங்கும் பயணம் செய்யவே இல்லை என்று சொல்ல வரவில்லை. மேற்கு ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் கி.பி. 10-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு அது நிச்சயமாகப் பயணம் செய்தது; அந்தப் பயணத்தின் பெரும்பகுதி பட்டுத் துணியின் மேல்தான் நடந்திருக்கிறது. தறியில் உருவம் நெய்யும் முறையை அறிந்தவர்களுக்கு இதன் காரணம் எளிதில் புரியும். ஓர் உருவத்தின் பாதியை மட்டும் வரைந்துகொண்டு, பாவு நூல்களை நடுக்கோட்டின் இருபுறமும் எதிர்வரிசையில் கட்டிவிட்டால், மறு பாதி கண்ணாடிப் பிம்பம் போலத் தானாக எழும்பும். வரைபடமும் பாதி, கட்டும் வேலையும் பாதி. பக்கவாட்டில் பார்க்கும் ஒரு பறவையின் பாதியை இப்படி மடித்து நெய்தால், ஓருடலும் இரு தலையும் கொண்ட பறவை தறியிலிருந்து இறங்குகிறது. காஞ்சிபுரப் பட்டில் ‘இருதலைப் பட்சி’ என்று நெசவாளர்கள் சொல்லும் உருவத்தை ஒரு முறை தறியில் நெய்யும்போது பார்த்தால், இந்த அமைப்பு நெசவுக்கு எவ்வளவு உகந்தது என்பது விளங்கும். தறிதான் இந்தப் பறவையைப் பெற்றெடுத்தது என்று இதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. கூல்தெபேயில் முத்திரைக் கல்லில் அது வந்தது, உருவம் நெய்யும் இழுப்புத் தறிகள் பரவுவதற்கு மிக முன்பு. தறி அதைப் பெருக்கியது, ஊர் ஊராக எடுத்துச் சென்றது என்பதே சரி.

பட்டு எல்லை பார்ப்பதில்லை. காத்தலோனியாவின் விக் நகரத்து ஆயர் பெர்னாட் கால்வோ 1243-இல் இறந்தார். அவருடைய கல்லறையிலிருந்து எடுத்த துணிகளில் ஸ்பெயினின் முஸ்லிம் தறிகளில் நெய்த, இருதலைக் கழுகுகள் நிறைந்த பட்டும் ஒன்று. ஒரு கிறித்தவத் துறவியின் உடலை மூடிய அந்தத் துணியில் கழுகுக்கு என்ன பொருள் இருந்திருக்கும்? அரசாட்சி என்ற பொருளோ, மத நம்பிக்கையோ அதில் தேட வேண்டியதில்லை. விலையுயர்ந்த பட்டு என்பதே அதன் மதிப்பு. துணிகளைச் சான்றாகக் காட்டுவதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. ஈரானில் ரே நகரக் கல்லறைகளிலிருந்து 1925-ஐ ஒட்டிக் கிடைத்ததாகச் சொல்லி, பழைய ஈரானிய அரச மரபொன்றின் பெயரால் ‘புவய்ஹித் பட்டுகள்’ என்று பல துணிகள் சந்தைக்கு வந்தன. அவற்றில் இருதலைக் கழுகுடையவையும் உண்டு. பிற்காலத்தில் கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு செய்தபோது, அவற்றுள் பல 20-ஆம் நூற்றாண்டில் நெய்தவை என்று தெரியவந்தது. பழைய நூல்களில் இன்னும் அவை 10, 11-ஆம் நூற்றாண்டுச் சான்றுகளாக அச்சாகி நிற்கின்றன. அந்த நூல்களை மட்டும் நம்பி எழுதுபவர்களைக் கவனத்தோடு படிக்க வேண்டும்.

அனத்தோலியாவுக்குத் திரும்பினால், 13-ஆம் நூற்றாண்டில் செல்ஜூக் துருக்கியரின் கட்டடங்களில் இந்தப் பறவை நிறைந்திருக்கிறது. கோன்யா நகர மதிலிலிருந்து எடுத்த இருதலைக் கழுகுக் கல் இன்று அந்நகரின் இன்ஜே மினாரே அருங்காட்சியகத்தில் உள்ளது. 1228-29-இல் தொடங்கிய திவ்ரிகி பெரிய பள்ளிவாசலின் வாயிலில் அது உண்டு. குபாதாபாத் அரண்மனையின் மெருகு ஓடுகளில், கழுகின் மார்பிலேயே சுல்தானைக் குறிக்கும் அரபு எழுத்து பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு சின்னம் யாருடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இதே மண்ணில் ஹிட்டைட்டுகளும் இதைச் செதுக்கினார்கள், எனவே செல்ஜூக்குகள் அவர்களிடமிருந்து பெற்றார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். ஹிட்டைட் பேரரசு கி.மு. 1200-ஐ ஒட்டி முடிந்தது. செல்ஜூக்குகள் அனத்தோலியாவுக்குள் பெருமளவில் நுழைந்தது கி.பி. 1071-க்குப் பிறகு. இடையில் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. யாஸிலிகயா திறந்த பாறை என்பதால் யாராவது பார்த்திருக்கலாம் என்று சொல்வது கற்பனைக்கு இடம் தருமே தவிரச் சான்றாகாது. அக்கம்பக்கத்துப் பைசாந்தியப் (கிழக்கு உரோமானியப்) பேரரசின் பட்டும் ஈரானியப் பட்டும் அவர்கள் கைக்கு மிக அருகில் இருந்தன.

பைசாந்தியத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. உரோமானியரின் கழுகுக்கு ஒரே தலைதான். கான்ஸ்டான்டிநோபிள் பேரரசர்கள் தொடக்கம் முதலே இருதலைக் கழுகைக் கொடியாக ஏந்தினார்கள் என்பதற்கு ஆதாரமில்லை. அரச குடும்பத்தின் ஆடைகளிலும் பொருள்களிலும் அது சிறப்பாக வருவது 1261 முதல் 1453 வரை ஆண்ட பலையோலொகோஸ் மரபின் காலத்தில்தான். ஒரு தலை கிழக்கையும் மற்றொரு தலை மேற்கையும் பார்க்கிறது, அல்லது ஒன்று அரசையும் மற்றொன்று திருச்சபையையும் குறிக்கிறது என்ற விளக்கங்கள் பின்னோக்கிச் சொல்லப்பட்டவை. அழகாக இருக்கின்றன, அதனால் பரவுகின்றன.

ரஷ்யச் சின்னத்தின் வரலாறு நமக்கு ஓரளவு தேதியோடு தெரியும். மாஸ்கோவின் மூன்றாம் இவான் 1472-இல் கடைசிப் பைசாந்தியப் பேரரசரின் சகோதரர் மகள் சோபியாவை மணந்தார். அந்த மணத்தோடு கழுகும் வந்தது என்பது பள்ளிப் பாடக் கதை. ஆனால் இருதலைக் கழுகோடு கூடிய அவருடைய புகழ்பெற்ற முத்திரை 1497-ஐச் சேர்ந்தது. மணத்துக்கும் அதற்கும் இடையே இருபத்தைந்து ஆண்டுகள். நடுவில் 1480-களின் இறுதியில் ஹாப்ஸ்பர்க் மரபினர் ஆண்ட புனித உரோமானியப் பேரரசின் தூதர்கள் மாஸ்கோவுக்கு வரத் தொடங்கினர். அந்தப் பேரரசில் 1433-இல் பேரரசராக முடிசூடிய சிகிஸ்முண்ட் காலம் முதல் இருதலைக் கழுகு பேரரசருக்கும் ஒருதலைக் கழுகு அரசருக்கும் என்ற முறை நிலைபெற்றிருந்தது. ஹாப்ஸ்பர்க் பேரரசருக்குத் தாம் குறைந்தவரல்லர் என்று காட்டவே இவான் அதை எடுத்தார் என்ற கருத்தை வரலாற்றாசிரியர் சிலர் முன்வைக்கின்றனர். தேதிகளை வைத்துப் பார்த்தால் அது எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. மணத்தின் பங்கு முற்றிலும் இல்லையென்று சொல்லவும் இடமில்லை. எப்படியிருந்தாலும் ரஷ்யக் கழுகு ஐரோப்பிய அரச மரபிலிருந்து வந்தது. அதில் இந்தியாவுக்கு எந்த இடமும் இல்லை.

இனி நம் பக்கம். தட்சசீலத்தில், இன்றைய பாகிஸ்தானில், சர் ஜான் மார்ஷல் அகழ்ந்த சிர்கப் நகரில் ‘இருதலைக் கழுகுத் தூபி’ என்று பெயர்பெற்ற பௌத்தத் தூபியின் அடித்தளம் உள்ளது, கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியது. படிக்கட்டின் இருபுறமும் கொரிந்தியப் பாணி அரைத்தூண்கள், அவற்றுக்கிடையே மாடங்கள். படிக்கு அருகிலுள்ள மாடம் கிரேக்கக் கோயிலின் முக்கோண முகப்பைப் போன்றது. அடுத்தது பௌத்தக் கோயில் முகப்புகளில் வரும் சைத்திய வளைவு. கடைசியிலுள்ளது இந்தியத் தோரண வாயில். நடு மாடங்களின் மேலும் ஓர மாடங்களின் மேலும் ஒவ்வொரு பறவை அமர்ந்திருக்கிறது. நூல்களில் பெரும்பாலும் விட்டுப்போகும் செய்தி இதுதான்: அந்தப் பறவைகளுள் ஒன்றுக்கு மட்டுமே இரு தலை. மற்றவை சாதாரண ஒருதலைப் பறவைகள். ஓர் அரச மரபின் சின்னமாகவோ, பௌத்தக் கருத்தின் அடையாளமாகவோ அது வைக்கப்பட்டிருந்தால் மற்ற மாடங்களில் ஏன் இல்லை? ஒவ்வொரு மாடத்தையும் வேறு வேறு நாட்டு வடிவில் அமைத்த சிற்பி, பறவையிலும் ஒரு வகை மாற்றம் காட்டினார் என்றே நான் எண்ணுகிறேன். மார்ஷல் இதை நடு ஆசிய நாடோடி மக்களான சிதியர் கொண்டுவந்த மேற்கத்திய வடிவமாகக் கருதினார். இங்கிருந்தே அது விஜயநகரத்துக்கும் இலங்கைக்கும் சென்றது என்றும் கருதினார். முதல் பாதி நடந்திருக்கக் கூடியது. இரண்டாம் பாதியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஏற்க முடியாததற்குக் காரணம் சங்கப் பாட்டில் இருக்கிறது. அகநானூற்றின் பன்னிரண்டாம் பாட்டில், கபிலர் பாடியதில், தோழி தலைவனிடம் பேசும்போது தனக்கும் தலைவிக்கும் உள்ள பிரியாத நட்பை ‘இருதலைப் புள்ளின் ஓருயிரம்மே’ என்கிறாள். இரண்டு தலை, ஓர் உயிர். அதுபோல நாங்கள் என்கிறாள். விளக்கமே தராமல் சொல்லிச் செல்வதிலிருந்து, கேட்பவருக்கு அந்தப் பறவை முன்பே தெரிந்தது என்று கொள்ளலாம். சிர்கப் தூபி எழுந்த காலத்தை ஒட்டிய நூற்றாண்டுகளிலேயே தமிழ் நிலத்தில் இருதலைப் பறவை பற்றிய எண்ணம் வழங்கியிருக்கிறது. அது அரசனைப் பற்றியதல்ல, இரையைப் பற்றியதுமல்ல. பஞ்சதந்திரத்தில் பாருண்டம் என்ற இருதலைப் பறவையின் கதை வருகிறது. ஒரு வாய்க்கு அமுதம் போன்ற பழம் கிடைக்க, மற்ற வாய் பங்கு கேட்டும் தராமல் அது தானே தின்றுவிடுகிறது. சினம் கொண்ட மற்ற வாய் நஞ்சுக் கனியைத் தின்ன, பறவை மாள்கிறது. பௌத்த நூல்களிலும் இதே கதை உண்டு. அது சீனம் வரை சென்று, அமிதாப புத்தரின் தூய உலகில் பாடும் பறவைகளுள் ஒன்றாக இந்த ‘உயிர் பகிரும் பறவை’ இடம்பெற்றது. இவை எல்லாவற்றிலும் பொருள் ஒன்றே: இரு தலைகளுக்கிடையே உள்ள உறவு. அனத்தோலியக் கழுகின் பொருளோ தலைகளின் உறவில் இல்லை; அது கீழே எதைப் பற்றியிருக்கிறது என்பதில் இருக்கிறது. ஆகவே இந்தியாவில் குறைந்தது ஒரு கிளையாவது இங்கேயே தழைத்தது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

கண்டபேருண்டத்தில் நாம் காண்பது வேறு தன்மை. கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்துப் பள்ளிகாவியில் 1047-இல் வனவாசிப் பகுதியை ஆண்ட சாமுண்டராயன், சாளுக்கிய மன்னர் முதலாம் சோமேசுவரனுக்கு அடங்கியவன், ஓர் உயர்ந்த கல்தூணை நிறுவினான். தூணின் உச்சியில் பேருண்டம்: மனித உடல், இரு பறவைத் தலைகள். கல்வெட்டோடு தேதி தெரிந்த மிகப் பழைய தென்னிந்தியப் பேருண்டங்களுள் இது முக்கியமானது. நரசிம்மரின் சினத்தை அடக்கச் சிவன் சிங்கமும் பறவையும் கலந்த சரபமானார், சரபத்தை அடக்கத் திருமால் கண்டபேருண்டமானார் என்ற புராண விளக்கத்தைத் தாங்களும் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்தக் கதைக்குச் சிற்பச் சான்று உண்டு. சரபமூர்த்தியைத் தாராசுரத்திலும் திருபுவனத்திலும் சோழர் கோயில்களில் பார்க்கலாம். ஆனால் பள்ளிகாவித் தூண் நிற்பது ஜகதேகமல்லேசுவரம் என்ற சிவன் கோயிலின் முன். சிவனை வென்ற பறவையைச் சிவன் கோயில் வாசலில் நிறுத்துவார்களா? எனவே வைணவ விளக்கம் இந்த உருவத்தின் தோற்றுவாயாக இருக்க முடியாது. முன்பே இருந்த ஒன்றுக்குப் பின்னர் ஏற்றிய பொருள் அது. 1117-இல் எழுந்த பேலூர் சென்னகேசவர் கோயிலில் மானைப் பாம்பும், பாம்பை யானையும், யானையைச் சிங்கமும், சிங்கத்தைச் சரபமும், சரபத்தைக் கண்டபேருண்டமும் பற்றும் தொடர் ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. அங்கே வைணவப் பொருள் ஏறத் தொடங்கியிருக்கலாம்; வலிமையின் உச்சி எது என்று காட்டும் தொடராக மட்டும் அதைப் படிக்கவும் முடியும்.

அரச சின்னமாக அது முழு வடிவம் பெறுவது விஜயநகரத்தில், அச்சுதராயர் (1529–1542) வெளியிட்ட பொன் நாணயங்களில். ஒரு வராகன் ஏறத்தாழ 3.4 கிராம், அரை வராகன் அதில் பாதி. விரல் நுனியில் அடங்கிவிடும் அளவு. உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால்தான் வேலைப்பாடு தெரியும். பறவையின் அலகுக்கொரு யானை தொங்குகிறது, காலுக்கொரு யானை; துதிக்கையின் வளைவு கூடப் பல நாணயங்களில் தெளிவாக இருக்கும். பின்பக்கத்தில் மூன்று வரிகளில் நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ பிரதாபாச்யுதராய’ என்ற பெயர். என்டெமேனாவின் கலயத்தையும் இந்தக் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மூவாயிரத்து தொள்ளாயிரம் ஆண்டு இடைவெளியில் ஒரே அமைப்பு நம்மை வியக்க வைக்கும். நடுவில் பறவை, இருபுறமும் இணை இணையாக விலங்கு. இரண்டுக்கும் தொடர்பு காட்டும் பொருள் எதுவும் இடையில் இல்லை. அரசன் தன்னைச் சொல்ல விரும்பியபோது இரு நாட்டுச் சிற்பிகளும் ஒரே முறையைக் கண்டடைந்தார்கள் என்பதே எனக்குத் தோன்றும் விளக்கம்.

மைசூர் உடையார்கள் விஜயநகர மரபின் வாரிசாகத் தங்களைக் கண்டார்கள். கண்டபேருண்டம் அவர்களிடம் வந்ததும், பின்னர் கர்நாடக மாநிலச் சின்னமானதும் அந்த வழியில்தான். ஆனால் இன்றைய சின்னத்தில் கேடயத்துக்குள் பறவை நிற்க, இருபுறமும் யானைத்தலைச் சிங்கங்கள் தாங்கி நிற்கும் அமைப்பு ஐரோப்பிய அரச சின்ன முறையைப் பின்பற்றியது. பிரித்தானியர் காலத்துச் செல்வாக்கு அது. எனவே மைசூர்ச் சின்னமும் ரஷ்யச் சின்னமும் ஒன்றுபோல் தோன்றுவதில் ஒரு பகுதிக்குக் காரணம் இந்த ஐரோப்பிய அடைப்பு. உள்ளே இருக்கும் பறவை வேறு, அதைச் சுற்றிய சட்டம் வேறு. இலங்கையின் கண்டி மரபில் ‘பேருண்ட பக்ஷிய’ என்று வழங்கும் இருதலைப் பறவை ஓவியத்திலும் தந்த வேலையிலும் வருகிறது. தென்னிந்தியாவோடு கண்டி அரசுக்கு இருந்த மண உறவும் கைவினைஞர் போக்குவரத்தும் தெரிந்தவை என்பதால், அது தென்னிந்தியாவிலிருந்து சென்றதென்பது நம்பத் தகுந்தது.

ஆகத் தங்கள் மூன்று பறவைகளில் ரஷ்யக் கழுகு பைசாந்திய, ஹாப்ஸ்பர்க் அரசவைகள் வழியாக வந்தது என்பது உறுதி. ஹிட்டைட் பறவைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு நிறுவப்படவில்லை. மைசூர்ப் பறவை விஜயநகரம் வழியாக 11-ஆம் நூற்றாண்டுக் கன்னட நாட்டுக்குப் போய்ச் சேர்கிறது என்பதும் உறுதி. சிர்கப்புக்கும் பள்ளிகாவிக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் இருக்கின்றன. அந்த இடைவெளியில் தக்காணத்திலிருந்து தேதி தெரிந்த ஒரு முத்திரையோ, காசோ, துணியோ, இருதலைக் கழுகு இரையைப் பற்றிய நிலையில் கிடைத்தால், மார்ஷல் சொன்ன வழியை நான் மறுபடியும் எடுத்துப் பார்ப்பேன். தங்கள் ஊர்ப் பக்கத்துக் கோயிலில் கண்டபேருண்டம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது எந்த மண்டபத்தில், எந்தத் தூணில் இருக்கிறது, அருகில் கல்வெட்டு உண்டா, பறவை எதையாவது பற்றியிருக்கிறதா என்று பார்த்து, படத்தோடு எழுதுங்கள். பற்றியிருப்பது யானை என்றால் அது விஜயநகர, நாயக்கர் காலத்து வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். தூணின் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையின் அமைப்பைப் பார்த்தால் அதை மேலும் உறுதி செய்யலாம்.